யூ ஈட், யூ ஹேப்பி

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். புகார் கொடுத்த மச்சான் ஒச்சாண்டி, கம்பத்திலிருந்து தேனி வரும்வரை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பற்றிய கவலை, பாவம். என் மனைவி ஜோதிலட்சுமியை என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். திருத்தினேன்.

நான் எம்.ஏ. ஆங்கிலம். அவள் பத்தாவதோடு நின்றவள். திராட்சை அறுக்கும் நாளில் எங்கள் பந்தலுக்குக் கீழே நின்று செல்போனில் வீடியோ போடுவாள். "ஃப்ரெண்ட்ஸ், டுடே கட்டிங். யூ கம், யூ ஈட், யூ ஹேப்பி." எனக்கு உடம்பு கூசும். ஆனால் ஜனங்கள் பார்த்தார்கள். கொச்சியிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. ஒருநாள் துபாய்க்காரர் ஒருவரோடு போனில் வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். என்னால் அது முடியாது. வாக்கியம் மனசுக்குள் சரியாகக் கூடிவருவதற்குள் எதிராளி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. இவளுக்கு இனி நான் எதற்கு?

அந்த வாரம்தான் வீடியோவுக்குக் கீழே முதல் கேலி வந்தது. பிறகு கூட்டமாக வந்தார்கள். இதெல்லாம் ஒரு இங்கிலீஷா, போய் மாடு மேய் என்றார்கள். அவள் என்னிடம்தான் ஓடிவந்தாள்.

"ஏங்க, எல்லாரும் சிரிக்கிறாகளே. நான் பேசுறது அம்புட்டுக் கேவலமாவா இருக்கு?"

"கொஞ்சம் அப்படித்தான் இருக்கு. இனிமே எங்கிட்டச் சொல்லிக் காமிச்சுட்டுப் பேசு."

ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒப்பித்தாள். நான் தப்பைச் சொன்னேன். போன் சிணுங்கினாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். வீடியோவை நிறுத்தினாள். கேலி நிற்கவில்லை. பழைய வீடியோக்களில் பேசிய தமிழையும் பழித்தார்கள். அப்புறம் பால்காரரிடம் வாய் திறக்கவும் பயந்தாள். மச்சான் பார்க்க வந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஏ ஆத்தா, அண்ணன் வந்திருக்கேன். ஒரு வார்த்தை பேசுத்தா" என்று கெஞ்சினார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைக்கவில்லை.

கேலி செய்த அந்தப் பெயர்கள் எல்லாம் என் போனிலிருந்து வந்தவை என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆமாம், அத்தனை பேரும் நான்தான். ஒன்றிலாவது பிழை இருந்ததா, பாருங்கள்.

ஒருநாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. வேற்று ஆள் சொன்னால் ரோஷம் வந்து திருந்துவாள் என்று நினைத்தேன். திருந்தவும் செய்தாள். இப்போது எந்த மொழியிலும் அவள் தப்பாகப் பேசுவதில்லை.

நேற்று மத்தியானம் தாகமெடுத்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டாள். விரல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அப்படி இல்லை என்றேன். சரியாகக் காட்டும்வரை செம்பைக் கொடுக்கவில்லை.