கம்பியின் மறுமுனையில் ஒரு குரல்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இசையமைப்பாளர் ஐயா அவர்களே, கலங்கிய கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் ரசிகப் பெருமக்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

அண்ணனின் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பட்டாளத்துக்காரனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடமாம்! தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் பாடகர் என்று நீங்கள் கொண்டாடிய அண்ணனை, எங்கள் படைப்பிரிவில் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவோம். வாயை மூடவே மாட்டார். நாங்கள் டெலிபோன் பிரிவு. முகாமிலிருந்து போர்முனைவரை தரையோடு தரையாகக் கம்பி ஓடும். குண்டு விழுந்து கம்பி அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப் போவது என் வேலை. போகும் வழியில் அங்கங்கே கம்பியில் ஊசியைக் குத்தி, கையிலிருக்கும் சின்ன டெலிபோனில் கேட்பேன். முகாமில் இருப்பவர் விடாமல் பேச வேண்டும். குரல் கேட்டால் அதுவரை கம்பி நன்றாக இருக்கிறது. கேட்காவிட்டால், அறுந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். அவ்வளவுதான் தொழில்!

பேசுவதென்றால் என்ன பேசுவது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும் என்பது உத்தரவு. அண்ணன் எண்ணுவாரா? பாடுவார்! "இது என்ன கச்சேரியா?" என்று அதிகாரி எத்தனை முறை கத்தியிருப்பார்! "எண்ணினா எனக்கே தூக்கம் வருதுங்கய்யா" என்பார்.

அப்போது அவர் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்த குரல். சுருக்கமே விழாத புதுத் துணி போல இருக்கும். பட்டாளத்தில் சேர்வதற்கு முன்பே, இதோ மேடையில் இருக்கும் இசையமைப்பாளர் ஐயா அதைக் கேட்டு மயங்கி, "சண்டை முடிஞ்சதும் நேரா என்கிட்ட வா" என்று சொல்லியிருந்தார். அண்ணனின் கனவு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை கம்பி அறுந்தது. போனேன். அறுந்த முனைகளைக் கையில் எடுக்கும்போது பக்கத்திலேயே குண்டு விழுந்தது. கால் போயிற்று. இடுப்பு வாரை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். பேசும் குழாய் நொறுங்கியது, கேட்கும் குழாய் மட்டும் தப்பித்தது. சுற்றிலும் புகை. எது முகாம், எது எதிரி? திசையே தெரியவில்லை! கையில் இரண்டு முனைகள் இருந்தன. ஒன்றில் குத்தினேன், சத்தமே இல்லை. மற்றதில் குத்தினேன். பாட்டு!

அந்தப் பாட்டு வந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தேன். மயங்குவேன், விழிப்பேன், குத்திக் கேட்பேன். பாடிக்கொண்டே இருந்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதுகூட அவருக்குத் தெரியாது! மதியம் குரல் கம்மியது. பிறகு உடைந்தது. பிறகு வெறும் காற்றும் கரகரப்பும்தான் வந்தது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. "அவன் போயிட்டான்யா, நிறுத்து. தொண்டையில ரத்தம் வருது, அப்புறம் உனக்குப் பாட்டே இருக்காது" என்றாராம் அதிகாரி. "இருக்காதுன்னா போகட்டுங்கய்யா. தம்பி கேட்டுக்கிட்டிருப்பான்" என்றாராம் அண்ணன்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அண்ணே! பொழுது சாய முகாம் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று அன்று பிரமித்தவன், இன்னும் பிரமித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சண்டை முடிந்து அண்ணன் இசையமைப்பாளர் ஐயாவிடம் போனார். அவர் கேட்டுவிட்டு, "நான் கூப்பிட்ட குரல் இது இல்லையேப்பா" என்றார். அண்ணன் காரணம் சொன்னாரா? ஏதாவது வேலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய பாடகர்கள் வருமுன் மைக் முன்னால் நின்று சத்தம் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் எண்ணத்தான் சொன்னார்கள். அங்கேயும் பாடினார்! ஒருநாள், படத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பாடும் பாட்டு பதிவாக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இசையமைப்பாளர் எழுந்து வந்து, "அந்த உடைசலோடயே பாடுப்பா, இன்னிக்கு நீதான்" என்றார். உங்களை அழவைத்த அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு ஞாயிறுதோறும் அண்ணன் டெலிபோன் செய்து பாடுவார். ரிசீவர் கட்டிலுக்குக் கட்டில் கைமாறும். புகழின் உச்சியிலும் ஒரு ஞாயிறு தவறியதில்லை. போன ஞாயிறு அந்த மணி அடிக்கவில்லை. நள்ளிரவுவரை ஒருவரும் தூங்கப் போகவில்லையாம்.

வருகிற ஞாயிறு மணி அடிக்கும்! இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன். மகளே, நீ பாடு. அழுகை வந்து உனக்குத் தொண்டை அடைத்தால் ரிசீவரை என்னிடம் கொடு. எனக்குப் பாட வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். அந்தப் பக்கம் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான், அம்மா.