பாட்டு கேக்குது, என்ஜின் கேக்கல

– இத எடுத்துட்டுப் போயிரு மாப்ளே. பஸ்ஸுல போட்டுப் போவியோ, டெம்போ பிடிச்சுப் போவியோ, இனிமே இந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டுல இருக்க வேண்டாம்.

– என்னத்தான் சொல்லுதீக? இதுக்கா கடையப் பூட்டிட்டு ஓடியான்னு போன் பண்ணுனீக? யாருக்கு என்னமோ ஏதோன்னு, மடவார் வளாகத்துலேருந்து ராஜபாளையம் வந்து சேருற வரை எனக்கு உசுரே இல்ல.

– இதுக்குத்தான் மாப்ளே. வேற ஒண்ணுமில்ல.

– மிசின் மக்கர் பண்ணுதா? நான் குடுத்த மிசினாச்சே, அப்படிப் பண்ணாதே.

– மிசினு நல்லாத்தான் இருக்கு.

– பொறவு? கம்ப்யூட்டர்ல கார் ஓட்டி ஓட்டி சலிச்சுப் போச்சா? "மில்லுக்கு சைக்கிள்ல போறவன் மாப்ளே நான், வீட்டுக்கு வந்தா கார்ல போறேன்"னு நீங்கதான சொல்லிச் சொல்லிச் சிரிச்சீக.

– சொன்னேன். இப்ப வேண்டாங்கேன், பாத்துக்க.

– அக்கா ஏதும் முணுமுணுத்தாளா? வீட்டுக்குள்ள ஒரே கார் சத்தம்னு?

– கிருபா என்ன சொல்லப் போறா. ஹெட்போன் மாட்டித்தான ஓட்டுறேன். மெதுவாப் பேசு, அடுப்படியிலதான் இருக்கா.

– நான் மெதுவாத்தான் பேசுதேன். நீங்கதான் கத்துதீக.

– கத்துறேனா? நெசமாவா மாப்ளே?

– அய்ய, சும்மா சொன்னேன் அத்தான். மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

– ஏலே, வெளையாடாத. இப்ப சொல்லுறத உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. என் காது போச்சு மாப்ளே.

– நான் பேசுதது கேக்குதுல்ல?

– பேச்சு கேக்கும். பாட்டும் கேக்கும். மிசின் சத்தம் போச்சு. இந்தக் கார் ஆட்டத்துல பின்னால ஒரு பாட்டு ஓடும் பாத்துக்க, அது கணீர்னு கேக்குது. என்ஜின் கேக்கல. பிரேக் அடிச்சா டயரு கிறீச்சுங்கும், அதக் காணோம். முட்டுனா டமார்ங்கும், அதுவும் இல்ல. என்ஜின் உறுமுறதக் கேட்டுத்தான் நான் கியரே மாத்துவேன். இப்ப ஊமைக் காரு ஓட்டுறேன். போன வாரம் வரை எல்லாம் கேட்டுச்சு.

– ஓ.

– என்ன ஓ? எங்க மில்லு அல்லா பிச்சை அண்ணனத் தெரியும்ல. அவருக்கு மொதல்ல சைக்கிள் மணி கேக்காமப் போச்சு. பொறவு குக்கர் விசில் போச்சு. ஆள் பேச்சு மட்டும் கேட்டுச்சு. டாக்டரு எங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சு அன்னைக்கே சொன்னாரு, மில்லுக்காரன் காது ஒரேயடியாப் போகாது, ஒவ்வொரு சத்தமாக் கழண்டு விழும்னு. எனக்கு என்ஜின் கழண்டு விழுந்துருச்சு.

– மில்லுல எப்படி? அங்க மிசின் சத்தம் கேக்கத்தான செய்யுது?

– அதுலதான் சந்தேகமே. ஸ்க்ரூடிரைவர பேரிங் மேல ஊண்டி, பிடிய காதுல வச்சுத்தான நான் பழுது சொல்லுவேன். நேத்தும் வச்சேன். உர்ருன்னு ஒண்ணு வருது. அது காது வழியா வருதா, கை வழியா ஆடுதான்னு தெரியல. எடுத்து எடுத்து வச்சுப் பாத்தேன். கைதான்னு தோணிப் போச்சு. பயந்துட்டேன் மாப்ளே.

– அதுக்கு ஒரு டாக்டரப் பாக்காம கம்ப்யூட்டர விரட்டுதீகளாக்கும்.

– அத மட்டுமா? புது யூனிட்டுக்கு ஃபோர்மேனா என்னையப் போட்டிருந்தாங்கள்ல. காலையில மேனேஜர்ட்டப் போயி, எனக்கு வேண்டாம் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

– அய்யோ அத்தான்! அந்த வேலைக்குத் தவமாத் தவம் கெடந்தீகளே!

– ஃபிட்டர் பையங்க அம்புட்டுப் பேரும் என் வாயப் பாத்து நிப்பாங்க. எந்த மிசின் எதுக்கு முனகுதுன்னு நான்தான் சொல்லணும். செவிட்டு ஃபோர்மேனாப் போயி என்னத்தச் சொல்ல? அவரு நல்ல மனுசன். "சாயங்காலம் வரை யோசிங்க ஐயாதுரை"ன்னாரு. யோசிக்க என்ன இருக்கு?

– செத்த பொறுங்க. அந்த ஆட்டத்தப் போடுங்க.

– எதுக்கு?

– போடுங்கங்கேன். ம்... காரு வருது, ரோடு வருது. கீழ இருக்க ஸ்பீக்கர் படத்த அமுக்குதேன். சத்தத்த ஒண்ணும் அடைச்சு வைக்கல, எல்லாம் ஏத்தித்தான் இருக்கு. அந்த ஹெட்போனக் குடுங்க.

– நீ மாட்டி என்னத்துக்கு? உன் காதுக்கு எல்லாம் கேக்கும்.

– குடுங்க அத்தான்.

– இந்தா. கேக்குதா? கேக்குதுன்னா கேக்குதுன்னு சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

– பாட்டு கேக்குது. என்ஜின் கேக்கல.

– ஏலே!

– டயரும் கேக்கல. இந்தா, வேணும்னே சுவத்துல போயி முட்டுதேன். டமாரும் இல்ல.

– நீ மில்லு வாசலையே மிதிச்சதில்லையேலே!

– அதத்தான நானும் சொல்லுதேன். ஆமா, இது ஏது ஹெட்போன்? நான் குடுத்தது கறுப்புல்ல?

– அத எலி கடிச்சிருச்சு. இது போன வாரம் தென்காசி ரோட்டுல வாங்குனேன். ஒயரு குட்டை, பின்னால எட்ட மாட்டேங்குது. அதான் முன்னாலயே சொருகிட்டேன்.

– முன்னால எங்க?

– இந்தா, சிடி போடுற தட்டுக்குக் கீழ. ஹெட்போன் படமே போட்டிருக்கான் பாத்துக்க. படத்தப் பாத்துச் சொருகத் தெரியாதவனா நான்?

– படம் சரிதான். ஆனா அது சிடி பெட்டியோட சொந்த ஓட்டை அத்தான். ஆட்டத்தோட பாட்டு சிடியிலயே இருக்கு, அது நேரா இந்த ஓட்டை வழியா வந்துரும். என்ஜினு, டயரு, டமாரு இதெல்லாம் நீங்க ஓட்ட ஓட்ட கம்ப்யூட்டரு போடுத சத்தம். அது பின்னால இருக்க சவுண்டு கார்டு வழியாத்தான் வரும். மேசைய இந்தப் பக்கம் இழுங்க. இன்னும் செத்த. ம், எட்டிருச்சு, பின்னால சொருகிட்டேன். இப்ப நீங்க மாட்டுங்க.

– மாட்டிட்டேன்.

– காரக் கெளப்புங்க. கேக்குதா இல்லையா?

– உறுமுதுலே! மாப்ளே, உறுமுதுலே! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! டயரு கிறீச்சுங்குது! ஏலே, மூணாவது கியருக்குப் போகையில லேசா ஒரு இருமல் இருமுது, அது கூடக் கேக்குது!

– இப்ப நெசமாவே கத்துதீக. ஹெட்போனக் கழத்துங்க, அக்கா வாரா.

– என்ன கூத்து நடக்கு இங்க? காப்பி ஆத்திட்டு வாரதுக்குள்ள மேசைய நடுவீட்டுக்கு இழுத்தாச்சு. ஏலே ஞானதுரை, உங்க அத்தான் கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

– ஒயர மாத்திச் சொருகியிருந்தாகக்கா, அம்புட்டுத்தான். மிச்சத்த அத்தானே சொல்லட்டும்.

– கிருபா, வையாத. ஒரு வாரமா இந்த என்ஜின் சத்தம் எனக்குக் கேக்கல. காது போச்சுன்னு நெனச்சு ஃபோர்மேன் வேலைய வேண்டாம்னுட்டேன். அது ஒயரு செஞ்ச வேலை, பாத்துக்க. இப்பமே போயி வேலை வேணும்னு சொல்லிட்டு வந்துருறேன். மேனேஜரு சாயங்காலம் வரை டயம் குடுத்திருக்காரு.

– கர்த்தாவே! இத ஒரு வாரமா மனசுல போட்டுப் புழுங்கிக்கிட்டா திரிஞ்சீக? "ஏட்டி, இத மாட்டிப் பாரு, உனக்குக் கேக்குதா"ன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?

– கேக்கத்தான் நெனச்சேன். ஹெட்போன எடுத்துக்கிட்டு அடுப்படி வாசல் வரை வந்துட்டேன். உனக்குக் கேட்டுருச்சுன்னா? என் காது போனது உறுதியாயிரும்ல. அந்தத் தைரியம் வரல, திரும்பிட்டேன்.

– என்னக்கா, வைவன்னு பாத்தா காப்பிய வச்சுட்டு ஹெட்போன எடுக்குத?

– நான் எந்த வாயிலலே வைய? இவிய மில்லுக்குப் போன பொறவு நானும் தெனமும் அந்தக் காரு ஓட்டுதேன்ல. எனக்கும் ஒரு வாரமா பாட்டு மட்டுந்தான் கேட்டுச்சு, கல்யாணத்துக்கு முன்னால அதே மில்லுல வேலைக்கு நின்ன காதாச்சே, போயிருச்சு போலன்னு நானும் இவியட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்.