தவுனியின் கூழில் விழுந்த காசு

உட்காரச் சொன்னீர்களே, அதற்கே நன்றி நீதிபதி ஐயா. இந்த முழங்கால் இருக்கிறதே, மழை வந்தால் என் பேச்சைக் கேட்காது.

நான் ஒராம். வெரான் பேரரசின் நாணயச்சாலைக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவன். காசைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்று என் மகள் நெயிலா கிண்டல் செய்வாள். சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் அரசர் காலத்தில் உப்புக்கட்டிதான் காசு. ஒரு பெருமழை அடித்தால் பணக்காரன் ஏழையாகிவிடுவான். பிறகு வெள்ளிக் கம்பி வந்தது. வேண்டிய அளவு உளியால் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டும்போதே கொஞ்சம் சுருட்டினார்கள், திருட்டுப் பயல்கள். அதனால்தான் வட்டக்காசு வந்தது, சுத்த வெள்ளியில், கொக்கு முத்திரையோடு. லிம் என்று பெயர். அதற்கு அடுத்து வந்தது நான் அடித்த லிம்.

வடக்கே சுரங்கம் வற்றிவிட்டது. எல்லையில் படை சம்பளத்துக்குக் காத்துக் கிடந்தது. "மாசம் முடியறதுக்குள்ள காசு வரலன்னா உன் தலை வரும்யா," என்றார் கருவூல அதிகாரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு வெள்ளி, மீதி ஈயம், மேலே வெள்ளிப் பூச்சு என்று ஒரு லிம் செய்தேன். எடை சரியாக வந்தது, பளபளப்பும் வந்தது. படை கலையவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பிள்ளைக்கு ஆறாம் மாதம் முதல் கூழ். தாயின் தகப்பன், தெருவே பார்க்க, ஆளும் அரசரின் புதுக்காசைப் புளித்த கூழ்ப்பானையில் போடுவான். பிள்ளை நடக்கும்வரை காசு அதிலேயே கிடக்கும். தினமும் அந்தக் கூழ்தான், எலும்பு உறுதியாகும் என்று. வெள்ளியைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. மேல்பூச்சு தேய்ந்ததும் உள்ளே இருக்கும் ஈயத்தைக் கரைக்கும். காசு அடித்தபோது இது என் நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

ஆற்றங்கரைத் தெருவில் பிள்ளைகள் வயிற்றுவலியில் சுருண்டு கதற ஆரம்பித்தன. பால்பல்லை ஒட்டிய ஈறில் நீலக்கோடு. ஈயம் உருக்கும் என் ஆட்களுக்கும் அதே கோடு உண்டு. பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் காசை எவன் தொடுவான்? படை கலையும், எதிரி உள்ளே வருவான், அப்புறம் எந்தப் பிள்ளை மிஞ்சும்? நிதானமாக யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நியாயம் என்று பட்டது.

ஆனால் ஊர் வாயை மூடவில்லை. மீன்காரி பிரோக்கா நடுச்சந்தையில் என்னை மறித்தாள். அவள் பேரன் செத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"என்னா தலைவரே, உங்க காசு பச்சப்புள்ளைய தின்னுதாமே? உங்க வீட்டுப் பானையில என்னத்தப் போடப்போறீங்க? ஒளிச்சு வெச்ச பழைய காசா?"

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் நெயிலாவின் மகள் தவுனிக்கு முதல் கூழ். தெருமுனைவரை கூட்டம். பிரோக்கா முன்னாலேயே வந்து நின்றாள். நெயிலா பானையை நீட்டினாள்.

"அப்பா, நீங்களே அடிச்ச காசு. எம்பொண்ணுக்கு இதவிட என்ன வேணும்? போடுங்கப்பா."

புதுக்காசைத்தான் போட்டேன். தவுனி என்னைப் பார்த்துச் சிரித்தாள் ஐயா, இரண்டே பல். ஐயோ, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வதந்தி அன்றோடு செத்தது. தலைவரே தன் பேத்திக்குப் போட்டுவிட்டார் என்று, பயந்து கிடந்த வீடுகளும் பானையை எடுத்தன. தவுனி நாலு மாதம்தான் இருந்தாள்; ஏதோ காய்ச்சல் என்றே நெயிலா நம்பினாள். ஊரில் எத்தனை பிள்ளைகள் போயின என்று நான் விசாரிக்கவில்லை.

நாளைக் காலை நெயிலாவின் இரண்டாவது பிள்ளைக்கு முதல் கூழ். பையன், பெயர் இசோல். "இவனாச்சும் எனக்குத் தங்கணும்ப்பா. நல்ல புதுக்காசா ஒண்ணு எடுத்து வைங்க," என்று நேற்று கேட்டாள். எடுத்து வைத்திருக்கிறேன். கூட்டத்தில் ஒரே ஒருத்தர் என் முகத்தை உற்றுப் பார்த்தால் போதும், போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன்.

மகளிடம் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்கள். சொன்னால் தவுனி எப்படிச் செத்தாள் என்று கேட்பாளே. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இன்றைக்கே என்னை உள்ளே தள்ளிவிடுங்கள். அவள் வந்து அழுதால், உன் அப்பன் வெள்ளி திருடினான் என்று சொல்லுங்கள். ஈயத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். பிள்ளை என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். தாயின் தகப்பன் இல்லாத வீட்டில் தாய்மாமன் போடுவான், அதுவும் வழக்கம்தான். போடுவது என் கையாக இல்லாமல் இருந்தால் எனக்குப் போதும்.