ஏழாம் நம்பர் பாட்டிலில் குமிழி இருந்ததா?

சத்தியம் சார், சத்தியம்! இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா என் தலை இப்பவே சுக்குநூறா வெடிக்கட்டும். ஒரு கல்யாணமே நின்னு போச்சு, ஒரு கிளாஸ் ஒயினால. அதுவும் என்ன ஒயின்? போதையே இல்லாத, வெறும் குமிழி விடுற ஒயின்! உக்காருங்க, உக்காருங்க... உள்ள கூப்பிட இன்னும் அரை மணி ஆகும். நடுவரா வரவழைச்சிருக்காங்க உங்களை. விஷயம் தெரியாம உள்ள போயி என்னத்த தீர்ப்பு சொல்லுவீங்க?

சண்டை அந்த ஏழாம் நம்பர் பாட்டிலுக்குத்தான். போட்டவங்க ரெண்டு பேரு, இங்க ஒயினை ருசி பாத்து மார்க் போடுறவங்க. ஒருத்தரு மூக்கு சார், இன்னொருத்தரு கண்ணு சார். பேரு நாங்க வச்சது. மூக்கு சார் இருக்காரே... ஒரு தடவை மூடியே திறக்கலை, பாட்டிலை மோந்துட்டு, 'இந்தத் திராட்சையைப் பறிச்ச அம்மாவுக்கு அன்னைக்கு ஜலதோஷம்'னாரு. விசாரிச்சா, ஆமாங்குறாங்க! சிரிக்காதீங்க. நானே அந்தம்மாகிட்ட போன்ல பேசினேன், அப்பவும் தும்மினாங்க.

கண்ணு சார் மட்டும் லேசுப்பட்டவரா? கிளாஸைப் பாத்ததும் எத்தனை குமிழின்னு எண்ணிச் சொல்லிருவாரு. ஒரு தடவை எழுநூத்தி நாலுன்னாரு. எண்ணிப் பாத்தா எழுநூத்தி மூணு. கேட்டா, 'நீங்க எண்ணுறதுக்குள்ள ஒண்ணு உடைஞ்சிருச்சுய்யா'ங்குறாரு!

பதினெட்டு வருஷமா ரெண்டு பேருக்கும் ஒரே மேசை. மூக்கு சார் பொண்ணை கண்ணு சார் பையனுக்குப் பேசி முடிச்சு, பத்திரிகை அடிச்சு, மண்டபம் பிடிச்சு... அடுத்த மாசம் கல்யாணம். முந்தாநாள் காலைல பாக்கணுமே, 'எடுத்துக்குங்க சம்பந்தி', 'நீங்க முதல்ல சம்பந்தி'ன்னு ஒரே கொஞ்சல். சகிக்கலை.

சாப்பாட்டுக்கப்புறம் கடைசி பாட்டில், இந்த ஏழாம் நம்பர். யாரு தயாரிச்சதுன்னு தெரியாம காகிதம் சுத்தி நம்பர் ஒட்டியிருந்துச்சு. ஒரு பாட்டில், ரெண்டு கிளாஸ். நடுவுல ஒரு பலகை மறைப்பு; ஒருத்தர் கிளாஸை ஒருத்தர் பாக்கக் கூடாது, அது இங்க சட்டம். கண்ணு சார் பாத்தாரு... அடேயப்பா, நூல் பிடிச்ச மாதிரி குமிழி! நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு மார்க். பலகைக்கு அந்தப் பக்கம் மூக்கு சார் பாக்குறாரு, ஒண்ணையும் காணோம். ஆட்டிப் பாக்குறாரு. ம்ஹும். முப்பத்தெட்டு போட்டாரு. குறிப்பு வேற: 'குமிழி அறவே இல்லை. முடிவில் மெல்லிய எலுமிச்சை வாசனை.'

மார்க்கை ஒத்துப் பாக்குறப்ப ரெண்டு கிளாஸும் காலி. ஆரம்பிச்சது பாருங்க!

'குமிழி தெரியலையா? கண்ணாடியை மாத்துங்க சம்பந்தி!'

'மார்க்கு அள்ளிக் குடுத்திருக்கீங்களே, வீட்டுக்கு எத்தனை பெட்டி வந்துச்சு சம்பந்தி?'

'எலுமிச்சையாம் எலுமிச்சை! இவ்வளவு நாளும் இப்படிக் கதை விட்டுத்தான் இந்த நாற்காலில உக்காந்திருந்தீங்களா?'

அஞ்சே நிமிஷம். சம்பந்தி போயி 'மிஸ்டர்' வந்துருச்சு. பத்தாவது நிமிஷம், 'லஞ்சம் வாங்குற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்'னு மூக்கு சார் எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்த ஒயின்ல கொஞ்சம் போதையாவது இருந்திருந்தா தூங்கி எந்திரிச்சு மறந்து தொலைச்சிருப்பாங்க. இல்லையே சார்! பேசின ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு பேருக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு!

அன்னைக்குச் சாயந்தரம் அந்தப் பொண்ணும் பையனும் கழுவுற ரூமுக்கே வந்துட்டாங்க. 'பெரியவரே, அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?' இருந்துச்சு. படிக்கட்டுல உக்காந்து பாட்டிலோட மாத்தி மாத்திக் குடிச்சாங்க. பையன், 'குமிழி நாக்குல நல்லா ஜிவ்வுங்குதே!'ன்னான். 'அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா?'ன்னா அவ. 'எங்கப்பா மட்டும் லஞ்சம் வாங்குறாரா?'ன்னான் அவன். முடிஞ்சுது. அவ லிஃப்ட்ல போனா, அவன் படியில போனான். அதான் சார்... அதான் எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கலை.

யார் மேல தப்புன்னு கேக்குறீங்களா? யார் மேலயும் இல்ல. இங்க கிளாஸ் கழுவுறவன் ஒருத்தன் இருக்கான். தங்கமானவன். வயசாளி. குமிழி விடுற சரக்குன்னா கிளாஸை சோப்பு போக அலசி, பருத்தித் துணியால துடைக்கணும். துணியோட பொடி நூல் உள்ள ஒட்டியிருக்கும் பாருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குமிழி மேல ஏறும். சோப்புப் படலம் தங்கிருச்சுன்னா அம்புட்டும் அமுங்கிரும். முப்பது வருஷமா வர்றவன் போறவனுக்கெல்லாம் அவன் எடுக்குற பாடமே இதுதான். அன்னைக்கு என்ன, ஒரு கிளாஸை அழகாத் துடைச்சு வச்சான். இன்னொண்ணு சோப்புத் தண்ணிக்குள்ள கிடக்கு. இங்க டீ ஆறுது, அங்க மணி அடிக்கிறாங்க, இந்தத் தோள்பட்டை வேற விண்ணு விண்ணுன்னு... அவன் தோள்பட்டைதான் சார், அவன் தோள்பட்டை! எடுத்தான், ஒரு உதறு உதறினான், தட்டுல வச்சிட்டான். எலுமிச்சை சோப்பு. மூக்கு சாரோட மூக்கு பொய் சொல்லலை. கண்ணு சாரோட கண்ணும் பொய் சொல்லலை.

என்ன, என் ஏப்ரனையே பாக்குறீங்க? ஏப்ரன் கட்டினவனெல்லாம் கழுவுறவனா? சரி... கழுவுறவன்தான். விடுங்க. போயி ஒப்புக்கலாம்னு ரெண்டு தடவை அந்தக் கதவு வரைக்கும் போனேன். 'உனக்கு ஒரு கிளாஸ் கழுவத் தெரியலையா?'ன்னு கேட்டுட்டா? இந்த வயசுல வேற யாரு சார் வேலை குடுப்பா?

கூப்பிடுறாங்க, போங்க. உள்ள போனதும் ரெண்டு பேரையும் உக்கார வச்சு, ஒண்ணு துணியால துடைச்ச கிளாஸு, ஒண்ணு சோப்புல முக்கின கிளாஸு, ஒரே பாட்டில்லருந்து ஊத்திக் காட்டுங்க. முதல்ல அந்தப் பலகையைத் தூக்கிக் கடாசிருங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா மட்டும், தயவு பண்ணி, நான்னு சொல்லிடாதீங்க சார். 'குடிச்சதும் என் நாக்கே கண்டுபிடிச்சது'ன்னு அடிச்சு விடுங்க. நம்பிருவாங்க. அந்த ரூம்ல நாக்கு என்ன சொன்னாலும் நம்புவாங்க, கிளாஸ் கழுவுறவன் சொன்னாத்தான் சாட்சி கேப்பாங்க.