ஏழாம் குழாயும் பத்தொன்பதாம் குழாயும்

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் திருச்செல்வம் அவர்களே, அன்பு மனைவியைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் மார்வின் அவர்களே, கிள்ளானிலிருந்தும் சுபாங் ஜெயாவிலிருந்தும் மழையில் நனைந்து இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நான் சந்திரகலா. மறைந்த டாக்டர் கிறிஸ்டின் ரபேல் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள்.

அம்மையார் எதைத் தேடினார்? தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறியும் முன்பே அவள் கருப்பையின் உட்சுவர் மாறத் தொடங்குகிறது. அங்கே சில புரதங்கள் கூடுகின்றன, சில குறைகின்றன. அந்த மாற்றத்தைக் குரங்குகளிடம் சரியாகக் கண்டுகொண்டால், கரு ஏன் தங்கவில்லை என்று கேட்டு அழும் பெண்களுக்கு ஒருநாள் பதில் சொல்லலாம். இதற்காகத்தானே ஓடி ஓடி உழைத்தார்!

ஆனால் அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணி உண்டா? யாரையும் நம்பமாட்டார்! ஜெஞ்சாரோம் குரங்குக் காப்பகத்திலிருந்து வரும் மாதிரிகளைக் குழாய்களில் இட்டு, எண் மட்டும் எழுதுவார். எது சினைக் குரங்குடையது என்ற விவரத்தை ஓர் உறையில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டிவிடுவார். மாதிரியைச் சோதிக்கும் தாளில் விழும் புரதக் கோடு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்து, பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடவேண்டும். "தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்லா, கலா" என்பார்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் பேராசிரியர், "உறையைப் பிரிப்போம், இந்த வருஷமே அவங்க பேர்ல வெளியிடுவோம்" என்றார். எடுத்துப் பார்த்தேன். கையெழுத்தின் இரு பாதிகளும் பொருந்தவில்லை! யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். யார்? அலமாரியின் இன்னொரு சாவி பேராசிரியரிடம்தானே இருக்கிறது? இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? பேராசிரியர் அவர்களே, உங்கள் மீதுதான் சந்தேகப்பட்டேன். ஒன்பது நாள் நீங்கள் வாங்கிக் கொடுத்த தே தாரிக் தேநீரைக்கூட நான் தொடவில்லை. இன்று நாலு பேர் முன்னால் உங்களைக் கேட்டுவிடுவது என்றே உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வாசலில் மார்வின் அவர்களிடம் அதைச் சொன்னேன். "ஐயோ கலா, நான்தான் ஹாஸ்பிட்டலுக்குக் கொண்டுபோனேன். உங்க மார்க் புக்கையும் கேட்டா. அவளே பிரிச்சா, அவளே ஒட்டினா. கை நடுங்குச்சு. உள்ள உங்களுக்கு லெட்டர் இருக்கு" என்றார். அங்கேயே பிரித்தேன்.

ஏழாம் குழாயும் பத்தொன்பதாம் குழாயும் ஒரே குரங்குடையவை. சினையில்லாத குரங்கு. என்னைச் சோதிக்க ஒன்றையே இரண்டாக்கி வைத்திருக்கிறார்! ஏழுக்கு நான் போட்டது ஒன்று. பத்தொன்பதுக்குப் போட்டது நான்கு. கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கலா, பத்தொன்பதைக் கொண்டுவந்த அன்னிக்கு நான் பாடிக்கிட்டே வந்தேன், ஞாபகம் இருக்கா? கட்டி சுருங்கிருச்சுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. அந்தச் சந்தோஷம்லா. சினைக் குரங்கு கிடைச்சதுக்குன்னு நீ நினைச்சிட்டே."

ஆம், நினைத்தேன். அவர் பாடினால் அது சினைக் குரங்கின் குழாய் என்று எனக்கே தெரியாமல் நம்பியிருக்கிறேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. பேராசிரியர் அவர்களே, என்னை மன்னியுங்கள்.

அம்மையார் பெயரில் இந்த ஆண்டு எதுவும் வெளிவரக் கூடாது. வரும் திங்கட்கிழமை எல்லாக் குழாய்களையும் முதலிலிருந்து தொடங்குவோம். கோடு பார்ப்பது நானல்ல. பார்ப்பவரின் அறைக்குள் குழாயைக் கொண்டுவந்தவர் நுழையவும் கூடாது. இது அவர் மீது ஆணை!

அன்று "என்ன டாக்டர், இவ்வளவு சந்தோஷம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டேன்.