சிவப்பு மையில் ஒரு கையெழுத்து

அதோ, மறுபடியும். கேட்டுச்சா ஆப்லா அக்கா? தகரத்தை நகத்தால பிராண்டுற மாதிரி. பிராண்டுது, நிக்குது, திரும்பப் பிராண்டுது. கதவுப் பக்கமாத்தான்... என்னது? நண்டா? உங்க பேசின்லயா? அட கடவுளே, உயிரோடயா தூக்கிட்டு வந்தீங்க! நான் இங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு. சிரிங்க, சிரிங்க. காலேஜ்ல நூத்திருபது பசங்களை அதட்டுற அகோஃபா டீச்சர் ஒரு பேசின் நண்டுக்கு நடுங்கினான்னு நாளைக்கு மீன் சுடுற அடுப்பு அடுப்பாப் போய்ச் சொல்லுவீங்க. ஒரு தட்டைக் கவுத்து வைங்க மேல. பாப்பா முழிச்சுக்கப் போறா.

இருங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.

தூங்குறா. வாயைத் திறந்துக்கிட்டு, அவ அப்பா செலோம் மாதிரியே. ஏழு மாசத்துக்கே குறட்டை விடுறா யாய்ரா. நீங்க சாப்பிடுங்கக்கா, களி ஆறிடும். குழம்புல மிளகாய் கொஞ்சம் தூக்கலாப் போச்சு, கை எங்கயோ, மனசு எங்கயோ. எனக்கா? அப்புறம் சாப்பிடறேன். இல்ல, நிஜமா அப்புறம்.

ராத்திரிக்கு என்கூடப் படுங்கன்னு கேட்டதும் ஏன், எதுக்குன்னு கேக்காம பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டீங்க பாருங்க, அது போதும் எனக்கு. கதவு விஷயம்தான் உங்க காதுக்கு வந்திருக்குமே. ஆமா, திங்கக்கிழமை விடிகாலையில முதல் தடவை. மல்லாக்கத் திறந்து கிடந்துச்சு. காத்துன்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி கயிறு போட்டுக் கட்டினேன். புதன்கிழமை பார்த்தா மறுபடியும் திறந்து கிடக்கு. என்ன போச்சா? ஒண்ணும் போகலக்கா, அதான் கூத்தே. அயர்ன் பாக்ஸ் இருக்கு, போன் இருக்கு, செலோமோட ரேடியோ இருக்கு. போலீஸ்காரர் வந்து, என்னம்மா காணோம்னார். எதுவும் காணாமப் போகலைங்கன்னேன். அப்போ திருடன் எதை எடுக்க வந்தோம்கிறதையே மறந்துட்டுத் திரும்பிப் போயிருக்கான், நல்ல மனுஷன்மா, விட்டுடுன்னுட்டுப் போயிட்டார்.

புதுத் தாழ்ப்பாள்தான் அது. சாயந்திரம் தச்சர் குவாமி வந்து மாட்டிட்டுப் போனார். இல்ல, பூட்டு வெளிப்பக்கம் இல்ல, உள்பக்கம். நான்தான் அப்படிக் கேட்டேன். அவரும் கிண்டல் பண்ணினார். மேடம், திருடன் வெளியிலேர்ந்து வருவான், நீங்க பூட்டை உள்ள மாட்டச் சொல்றீங்களே, அவனை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டி வளக்கப் போறீங்களான்னார். நானும் சிரிச்சு வச்சேன்.

போடறேன்க்கா, இருங்க. நீங்க கை கழுவுங்க முதல்ல. அந்த ஜன்னல்... மூடித்தான் இருக்கு. நான்தான் மூடினேன். சாத்தினாலும் அலை உள்ள வந்து பேசிட்டுத்தான் போகும். நாங்க குடி வந்தப்போ வாசல்லேர்ந்து தண்ணி வரைக்கும் நடந்தா அறுபது எட்டு. போன வாரம் அளந்தேன், நாப்பத்தி நாலு. இன்னைக்குக் கூட வகுப்புல ஒரு பையன் எந்திரிச்சு நிக்கிறான். மேடம், மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதறோம், கடல் தின்ன வீட்டுக்கு எங்க எழுதறதுங்கறான். பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. அவங்க வீடு போன மழைக்காலத்துல போயிடுச்சாம், அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

என்னமோ சொல்ல வந்தேன். ஆங், வகுப்பு. முதல் வருஷப் பசங்களுக்கு ஒரு பாடம் எடுப்பேன்க்கா, ஒன்பது வருஷமா அதே பாடம். காசுப்பெட்டிச் சாவி யார் கையில இருக்கோ அவன் கணக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. அவன் நல்லவனா கெட்டவனாங்கிறது கேள்வியே இல்ல. சாமியாரா இருந்தாலும் சரி. செய்யறவன் ஒருத்தன், சரிபார்க்கிறவன் இன்னொருத்தன். ரெண்டும் ஒரே கையா இருந்தா கணக்கு எப்பவுமே சரியாத்தான் இருக்கும். அதுதான் ஆபத்தேன்னு சொல்வேன். பசங்க எழுதிக்குவாங்க. எழுதிட்டு, பரீட்சை வந்தா என் கையெழுத்தையே போட்டு ஆபீஸ்ல லீவு லெட்டர் குடுப்பாங்க!

ஐயோ, நிறையப் பார்த்தாச்சு. போலிக் கையெழுத்தை நான் வாசல்ல நின்னே சொல்லிடுவேன். வரைவாங்கக்கா, எழுத மாட்டாங்க. பேனா நடுவுல மூச்சு வாங்கும். என் பேருக்குக் கீழ ரெண்டு புள்ளி வைப்பேன், கான்வென்ட்ல சிஸ்டர் பழக்கினது. பசங்க ஜாக்கிரதையா உருண்டையா வைப்பாங்க. நான் வச்சா ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு கோடு மாதிரி இழுத்துக்கும். அவசரக் கை.

அது... அழுதாளா? இல்லையா? எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு. சரி. உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன்.

நேத்து ராத்திரி என்ன பண்ணினேன்னா, காலேஜ் ஸ்டோர்ல வருஷக் கடைசியில சரக்கு எண்ணும்போது கதவுல ஒரு காகிதம் ஒட்டி, பாதி கதவு பாதி நிலை, குறுக்க கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுவோம். யாரு திறந்தாலும் கிழிஞ்சுடும். அதே மாதிரி கொஞ்சம் கஞ்சிப் பசை காய்ச்சி, உள்பக்கமா ஒட்டினேன். நீலப் பேனாவால கையெழுத்து. தலையணைக்கு அடியில ஜெபமாலை. ஏசப்பா, காகிதம் மட்டும் கிழியாம இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டுப் படுத்தேன்.

கிழியலக்கா. காலையில கதவு சாத்தினது சாத்தினபடி. காகிதம் மடிப்புக் கூடக் கலையாம இருக்கு. அப்பாடான்னு அங்கேயே தரையில உக்காந்துட்டேன். டீ போட்டுக் குடிச்சேன், பாட்டு கூடப் பாடினேன். ரெண்டாவது வாய் குடிக்கும்போதுதான் கண்ணு அதுல போய் நின்னுது.

கையெழுத்து சிவப்பு மையில இருந்துச்சு.

பசங்க பேப்பர் திருத்துற பேனா. மேசை மேல இருக்கும், அதோ, அது. பழைய காகிதத்தைப் பிய்ச்சு எடுத்துட்டு, புதுசு ஒட்டி, மறுநாள் தேதியைச் சரியா எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கு. பழசு நாலா மடிச்சுக் குப்பைக்கூடையில கிடந்துச்சு. போலியான்னுதானே கேக்கறீங்க? நானும் அதைத்தான் ஆசை ஆசையாத் தேடினேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். எங்கேயும் பேனா மூச்சு வாங்கல. ஒண்ணு புள்ளி. இன்னொண்ணு கோடு.

அந்தப் புதன்கிழமைக் கயிறு கூட அறுந்து கிடக்கலக்கா. அழகாச் சுருட்டி ஆணியில மாட்டியிருந்துச்சு. நான் சுருட்டுற மாதிரியே. அன்னைக்கே புரிஞ்சிருக்கணும்.

அப்புறம் யாய்ராவுக்கு மேல் கழுவலாம்னு காலுறையைக் கழட்டினேன். உள்ள ஈர மணல். என் இரவு உடையைத் தடவிப் பார்த்தேன், முட்டி வரைக்கும் உப்பு காஞ்சு விறைப்பா இருக்கு. முட்டி வரைக்கும்க்கா. தூக்கத்துலேயே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் கடல்ல இறங்கியிருக்கேன். எதுக்குப் போனேன், எப்படித் திரும்பினேன், ஒண்ணும் தெரியல. திரும்பி வந்து கஞ்சிப் பசை தடவியிருக்கேன், பாருங்க. யாரும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு தேதி கூடப் போட்டிருக்கேன்.

அழலக்கா. நீங்க தண்ணி குடிங்க.

செலோமுக்குச் சொல்லல. அவர் தேமா துறைமுகத்துல இருந்துக்கிட்டு, கதவு திறந்து கிடக்குன்னதுக்கே, அம்மா கிட்ட பிள்ளையை அனுப்பிடுன்னார். இதைச் சொன்னா விடியறதுக்குள்ள மாமியார் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் எனக்குக் குடுக்கவே மாட்டாங்க. திங்கக்கிழமை கிளினிக் நர்ஸம்மா கிட்ட நானே சொல்லிடறேன், பிள்ளை பொறந்ததுலேர்ந்து சரியாத் தூங்கலன்னு, எல்லாத்தையும். நீங்க கூட வரணும். அதுவரைக்கும் மூணு ராத்திரி. மூணே மூணு.

சரி, எந்திரிங்க. இந்தாங்க பூட்டு. ஒரே ஒரு சாவிதான், குவாமி கிட்டேயே இன்னொண்ணை ஒடைக்கச் சொல்லிட்டேன். இடுப்புத் துணியில முடிஞ்சுக்கோங்க. இப்போதைக்குத்தான் இங்க, நான் பார்க்காதப்போ வேற இடத்துக்கு மாத்திடுங்க. பாப்பா உங்க பக்கம் படுக்கட்டும், சுவரோரமா. ராத்திரி நான் சாவி கேட்டா குடுக்காதீங்க. நல்லாத் தெளிவாத்தான் பேசுவேன், டீச்சர் இல்லையா, காரணமெல்லாம் வரிசையாச் சொல்லுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகணும்பேன். நீங்களே நெத்தியில கை வச்சுப் பாருங்க. நிஜமாக் காய்ச்சல்னா நீங்க தூக்குங்க, நீங்க திறங்க. என் கையில குடுக்காதீங்க.

தள்ளுங்க. இன்னும் கொஞ்சம், புதுசு இல்லையா, முறுக்கிக்கும். ம். பூட்டையும் அமுக்குங்க.

விழுந்துடுச்சா? ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

நான் பார்க்கலக்கா. நான் பார்க்கக் கூடாது. நீங்களே இழுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க.