கண் இமையில் மஞ்சள் கட்டி

ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கல்யாணப் போட்டோவுல அசிங்கமா தெரியும்னு தம்பி கண் இமையில இருந்த மஞ்சள் கட்டிய எடுத்துட்டான்க்கா. அது கொலஸ்ட்ரால்னு எங்க யாருக்கும் தெரியல.”

“ஒல்லியாத்தானே இருந்தான்?”

“ஒல்லிதான்லா. முப்பத்தாறு வயசுல ஃபேக்டரியிலேயே நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்தான். தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அறுத்துப் பார்த்தா இதயத்துக்குப் போற மூணு ரத்தக் குழாயும் கொழுப்பால அடைச்சிருந்துச்சாம். இது பரம்பரையா வரும், குடும்பத்துல எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாரு.”

“நீ பண்ணியா?”

“பண்ணேன். எனக்கு ஒண்ணுமில்ல.”

அவள் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள்.

“அவன் மகளுக்கு இருக்கு. ஏழு வயசுதான்க்கா. ரிசல்ட்ட இப்பதான் வாங்கினேன். அவ அம்மாகிட்ட சொல்லத்தான் போய்க்கிட்டிருக்கேன்.”